சத்தமில்லாத பால் வண்டி

பால் வண்டி கோழிக்கூண்டாகி நாலு வருடம் ஆகியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு சிவப்புப் பெட்டை நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. முர்தியா தினமும் பின்கதவைத் திறந்து முட்டைகளை எடுப்பாள். முன்கதவுப் பக்கம் போகமாட்டாள். அந்தப் பெட்டை இடுவது அதற்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மெராபி எரிமலைக்கும் மெர்பாபு மலைக்கும் நடுவே ஏறுகிற சேலோ மலைச்சாலையில் இருபத்தாறு வருடம் அந்தக் 'கோல்ட்' ரக வேன் பால் ஏற்றியது. ஓட்டியவர் அவள் கணவர் தர்சோனோ. அடிவாரத்து வீட்டிலிருந்து வெறும் கேன்களோடு கிளம்பி கலிபெதுங், வாதுகெடே, புஞ்சாக்சாரி என்று மூன்று ஊர்களையும் தாண்டி இருவரும் உச்சிவரை ஏறுவார்கள். ஏறுகிற சத்தம் கேட்டதும் ஊரார் கறவையை முடித்து, வடிகட்டி, கேனைச் சாலையோரம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இறங்கும்போது வண்டி ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். முர்தியா பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து அளந்து வாங்குவாள். இறங்கி முடிக்கிறபோது அறுநூறு லிட்டருக்குக் குறையாது. நேராகக் கூட்டுறவின் குளிரூட்டும் நிலையம். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. பத்தொன்பது வருடம் அவள் அந்த இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

தர்சோனோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தார். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அந்த வாரமே இஞ்சினும் இறுகிப்போனது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது இரண்டு மாதம் கழித்து நடந்தது. முர்தியாவே ஓட்டிப் பார்த்தாள், இரண்டாவது வளைவில் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது, அவ்வளவுதான். ஆனால் ஊர் சொன்னதை அவள் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு மேலூர்க்காரர்கள் பாலை மோட்டார் பைக்கில் கட்டிக் கொண்டுபோனார்கள். பைக் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டாரைக் கெஞ்சினார்கள். வெயில் ஏறிவிட்டால் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். வாதுகெடே வாகிமான் ஒரு வாரத்தில் மூன்று கேன் திரிந்த பாலைத் தன் பூசணித் தோட்டத்தில் ஊற்றினார். சிலர் மாட்டையே விற்றார்கள்.

பர்கியோ ஒரு லாரியில் வந்து இறங்கியது அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்து முடிவில்.

பர்கியோ தர்சோனோவின் தம்பி. பத்தொன்பது வயதில் அண்ணனின் வண்டியில் கேன் தூக்க ஏறியவன், இருபத்தாறில் செமாராங் துறைமுகத்துக்குப் போய் ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தான். அங்கேயே முடி நரைத்தது. அண்ணன் இறந்த அன்று வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் வருவான், ஒரு கிளாஸ் டீ குடிப்பான், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவருவான், போய்விடுவான். இந்த முறை அவன் கையில் பெட்டி இருந்தது. லாரியில் சாக்கு மூடிய ஒரு பாரம் இருந்தது.

"என்னது பர் இது? கன்றுக்குட்டியா?"

"மோட்டார், ம்பாக்." அண்ணன் மனைவியை அவன் எப்போதும் ம்பாக், அக்கா, என்றுதான் கூப்பிடுவான். "கிடங்குல உடைச்சுப் போட்ட ஃபோர்க்லிஃப்டோட மோட்டார். மூணு டன் பெட்டியைத் தூக்கிட்டு நாள் முழுக்க ஓடினது. வண்டி துருப்பிடிச்சுப் போச்சு, இது மட்டும் கல்லு மாதிரி இருக்கு."

"அதை எதுக்கு எங்கிட்ட கொண்டாந்திருக்க? எனக்குத் தூக்கறதுக்கு என்ன இருக்கு?"

பர்கியோ கோழிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தான்.

முர்தியா சிரித்துவிட்டாள். "உனக்கு ஓய்வு குடுத்து அனுப்பினாங்களா, இல்ல பைத்தியம்னு அனுப்பினாங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே காகிதம்தான் குடுத்தாங்க."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்கட்டு அறையில் பாய் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அவன் கோழிகளை வெளியேற்ற ஆரம்பித்தபோது, "அந்தச் சிவப்பு கொத்தும், பார்த்து" என்று மட்டும் சொன்னாள்.

இஞ்சினை எடுத்த நாளை அவள் மறக்கவில்லை. மூன்று தடித்த மூங்கில்களைக் கூடாரம்போல் நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பர்கியோ சங்கிலியை இழுத்தான். கருப்பாக, எண்ணெய் வடிய, வண்டியின் வயிற்றிலிருந்து அது மேலே வந்து அந்தரத்தில் மெல்லச் சுற்றியது. முர்தியா உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் இன்னொரு முறை கழுவினாள்.

மலை வெடித்த வருடம் அவள் கண்ணில் வந்தது. பட்டப்பகலில் சாம்பல் கொட்டி விளக்குப் போட வேண்டியிருந்த நாள். தர்சோனோ கேன்களை எல்லாம் சாலையில் உருட்டிவிட்டு, அந்த இடத்தில் மனிதர்களை ஏற்றினார். புஞ்சாக்சாரிக்கு மூன்று நடை. இரண்டாவது நடையில் இஞ்சின் சாம்பலை இழுத்து இருமியது. அவர் சட்டையைக் கழற்றி, தண்ணீரில் நனைத்து, காற்றுக் குழாயின் வாயில் கட்டினார். வெறும் உடம்போடு, தலைமுதல் இடுப்புவரை சாம்பல் பூசி, ஒரு சிலைபோல உட்கார்ந்து ஓட்டினார். முர்தியா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, கண்ணாடியில் படிந்த சாம்பலைக் கையால் வழித்தாள். இஞ்சின் நிற்கவில்லை. அன்று அது ஒரு மாட்டைப்போல மூச்சு வாங்கியதை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள்.

வெளியே வந்தபோது பழைய இரும்புக்காரன் வந்து நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பர்கியோ அவனிடம், "இது இல்லப்பா, வேற ஏதாச்சும் இருந்தா சொல்றேன்" என்று அனுப்பிவிட்டான். இஞ்சினைப் பலா மரத்தடியில் பலகை போட்டு வைத்து, தார்ப்பாய் மூடினான்.  

பேட்டரிகள் அடுத்த வாரம் வந்தன. கைபேசிக் கோபுரங்களில் மின்சாரம் போனால் தாங்குவதற்கு வைத்திருப்பவை, வயதாகிவிட்டது என்று கழற்றிப் போட்டவை. செங்கல் அளவில் நூற்று நாற்பது கட்டிகள். பர்கியோ சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டான். ஒவ்வொரு கட்டியாக மின்னேற்றி, ஒரு பழைய முகப்பு விளக்கை எரியவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து, அதன் நெற்றியில் சாக்பீஸால் எண் போட்டான். மேசையில் இடமில்லாமல் முர்தியா மடியில் தட்டை வைத்துச் சோளச்சோறு சாப்பிட்டாள்.

"பொண்ணு பார்க்கற மாதிரி பார்க்கற."

"வயசு ஆனா பரவாயில்ல ம்பாக். மூச்சு இருக்கான்னு மட்டும்தான் பார்க்கறேன்."

"அப்ப உன்னை யாரும் எடுக்கமாட்டாங்க. மாடிப்படி ஏறினாலே வாய் திறந்துக்குது."

பதினாறு நாள் பார்த்ததில் ஐம்பத்திரண்டு தேறின. அவற்றை அவன் வண்டியின் தரைக்கடியில், முன்பு பெட்ரோல் டாங்கி இருந்த இடத்திலும் இருக்கைகளின் கீழும் இரும்புப் பெட்டி செய்து அடுக்கினான். மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸோடு இணைக்க ஒரு தடித்த தகடு வேண்டும். போயோலாலி நகரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் வெட்டி வாங்கினான். முதல் முறை சுவிட்சைப் போட்டபோது வண்டி முழுவதும் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி, கதவுக் கண்ணாடி ஒன்று கீழே இறங்கி உள்ளே விழுந்தது.

முர்தியா வாசலில் நின்று பார்த்தாள். "பேய் ஏறிடுச்சா?"

"மையம் தப்பியிருக்கு. அரை மில்லிமீட்டர்."

"அரை மில்லிக்கா இந்த ஆட்டம்?"

"அண்ணனா இருந்தா கையால தொட்டே சொல்லியிருப்பார்." அவன் சொல்லிவிட்டுச் சட்டென்று வண்டிக்கடியில் புகுந்துகொண்டான். தகட்டை எடுத்துக்கொண்டு மூன்று முறை பட்டறைக்குப் போய்வந்தான். நாலாவது தகட்டில் நடுக்கம் நின்றது.

மின்னேற்றுவது வேறொரு கூத்து. வீட்டுக்கு வருகிற மின்சாரம் ஒரு குக்கருக்கும் நாலு விளக்குக்கும்தான் தாங்கும். வண்டிக்கு இணைப்பைக் கொடுத்திருக்கும்போது அவள் மறந்துபோய்ச் சோறு வைத்தால் வீடே இருளும். அவன் முற்றத்திலிருந்து, "ம்பாக், சோறா வண்டியா, ஒண்ணைச் சொல்லுங்க" என்று கத்துவான். கடைசியில் மதியச் சோற்றை விறகடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சோறு இதில்தான் நன்றாக இருக்கிறது என்று அவளே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

முதல் நடைக்கு ஒரு பிற்பகலைக் குறித்தார்கள். மேலூர்களுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. ஓட்டுவது யார் என்ற பேச்சு வந்தபோது பர்கியோ சாவியை அவளிடம் நீட்டினான்.

"எனக்குக் கேன் தூக்கத்தான் தெரியும்" என்றான்.

அவள் இருக்கையைத் துடைத்துவிட்டு ஏறினாள். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த முன்கதவை மூடினாள். இடது கால் தானாகவே கிளட்சைத் தேடிப்போய் வெறும் தரையை மிதித்தது. கிளட்சை அவன் எடுத்துவிட்டிருந்தான். சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"கிளம்பலையே."

"கிளம்பிடுச்சு. காலை அழுத்துங்க."

அழுத்தினாள். வண்டி தண்ணீரில் விட்ட படகு மாதிரி முற்றத்தை விட்டு வெளியே வந்தது. பின்னால் வெறும் கேன்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன. முதல் ஏற்றத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வழக்கமாக இங்கேதான் இஞ்சின் திணறும். இது திணறவில்லை. ஒரே சீராக, சற்று மெதுவாக, ஏறிக்கொண்டே போனது. தடுப்புச் சுவரில் சாய்ந்திருந்த ஒரு பூனை வண்டி தொடும் தூரத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டு ஓடியது.

கலிபெதுங்கைத் தாண்டினார்கள். வாதுகெடேயைத் தாண்டினார்கள். புஞ்சாக்சாரியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கீழே இறங்கி நின்றாள்.

யாரும் வரவில்லை.

ஐந்து நிமிடம் நின்றாள். பத்து நிமிடம் நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண் சாலையில் வண்டி நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"எப்ப வந்தீங்க, அம்மா?"

"கால் மணி ஆச்சு."

"அய்யோ, இப்பத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். சத்தமே கேக்கலையே."

எல்லா ஊரிலும் அதே கதைதான். பாதிப்பேர் கறக்கவில்லை. கறந்தவர்கள் கேனைக் கொல்லையிலேயே வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்திருந்தார்கள். வாகிமான் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவந்தபோது வண்டி வளைவு தாண்டியிருந்தது, பின்னாலிருந்து அவர் கூவியதைக் கேட்டு நிறுத்தினார்கள், அவருக்குத்தான் இவர்கள் வந்தது கேட்டிருக்கவில்லை. எல்லாம் சேர்ந்து இருநூறு லிட்டர்கூடத் தேறவில்லை.

இறங்கும்போது பர்கியோ முன்னால் வந்து உட்கார்ந்து, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறறப்ப பேட்டரியில முப்பது பர்சென்ட் போச்சு. இப்ப பாருங்க, திரும்பி வருது. நாலு, அஞ்சு. மோட்டார் இழுத்துப் பிடிக்குதுல்ல, அதுவே பேட்டரியை நிரப்புது. பாரம் ஏத்தினா இன்னும் வரும். பால் கனத்துலேயே பாதி மின்சாரம், ம்பாக்."

 அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கன்னம் நனைந்திருந்தது. பால் குறைந்ததற்கு அழுகிறாள் என்று அவன் நினைத்தான். அவளுக்கோ, ஏறும்போது ஒரு வாசலில்கூட யாரும் தலைநீட்டாததுதான். பத்தொன்பது வருடமும் அந்தச் சாலையில் அவர்கள் போகும்போது சன்னல்கள் திறக்கும், பிள்ளைகள் கையாட்டும், யாராவது ஒரு கட்டுக் கீரையை உள்ளே எறிவார்கள். இன்று தானே செத்துப்போய் அந்த வழியில் போனதுபோல இருந்தது.

மறுநாள் முதல் வளைவிலிருக்கும் துமியெம்மின் காபிக்கடையில் எல்லோரும் கூடினார்கள். கூட்டம் என்று யாரும் கூட்டவில்லை. குறை சொல்ல வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"போன்ல செய்தி போட்டுடலாமே" என்றான் ஒருவன்.

"மாட்டு மடியில கை வெச்சுக்கிட்டு போனை எந்தக் கையால பார்க்கறது?" என்றார் வாகிமான். "நேத்து நான் ஓடின ஓட்டத்துக்கு என் முட்டி இன்னும் திட்டுது."

"ஒலிபெருக்கி வெச்சுப் பாட்டுப் போடுங்க."

"ரொட்டிக்காரன்னு நெனச்சுப் பிள்ளைங்கதான் ஓடியாரும். அப்புறம் ரொட்டி எங்கேன்னு அழும்."

துமியெம் வறுத்த சோயா தெம்பேயைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "பழைய இஞ்சின் சத்தத்தையே ஒலிபெருக்கில போட்டா என்ன? அதைக் கேட்டா என் கையி தானா அடுப்பை மூட்டும். தர்சோனோ அண்ணன் இறங்கி வர்றப்ப காபி கொதிக்கணும்ல."

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தம் யாரிடமும் இல்லை. கல்யாண வீடியோக்கள் இருந்தன, மாடு கன்று போட்ட வீடியோ இருந்தது. இருபத்தாறு வருடம் தினமும் இரண்டு முறை கேட்டதை யாரும் பிடித்துவைக்கவில்லை.

"அதனால என்ன, செஞ்சுடலாம். அது 'ங்ங்ங்ங்'னு இழுத்துக்கிட்டே வரும்" என்று துமியெம் மூக்கால் ஒலி எழுப்பிக் காட்டினாள்.

"யாரு சொன்னா?" வாகிமான் கிளாசைக் கீழே வைத்தார். "'க்ரொக், க்ரொக், க்ரொக்'னு வரும். படியில ஏறற கிழவன் மாதிரி. எங்க ஊரைக் கேட்டுப் பாரு."

"ரெண்டு பேருக்கும் காது செவிடு" என்றார் புஞ்சாக்சாரியிலிருந்து வந்த சுதேஜோ. "கடைசி மேட்டுல 'டப்'னு ஒண்ணு வெடிக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. இஞ்சின் ஆறற டிக், டிக் மட்டும்தான். அப்புறம் அவர் ஒரு தடவை இருமுவார்."

சண்டை முற்றியது. ஒருவர் உறும, ஒருவர் மேசையைத் தட்ட, ஒருவர் நாக்கைச் சுழற்ற, சாலையில் போன பள்ளிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாகிமான் துமியெம்மைப் பார்த்து, "உனக்குக் கேட்டது உன் புருஷன் குறட்டையா இருக்கும்" என்றார். அவள் கரண்டியை ஓங்கினாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த முர்தியா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மூணும் சரிதான்" என்றாள். "இங்க மூணாவது கியர்ல வருவார். வளைவுல ரெண்டாவதுக்கு மாத்துவார், அப்பதான் அந்த இழுவை. வாதுகெடே மேட்டுக்கு முதல் கியர். க்ரொக் க்ரொக்குன்னு வர்றது அதுதான். உச்சியில காலை எடுத்ததும் ஒரு வெடி வெடிக்கும். சைலன்சர்ல ஓட்டை. மாத்தச் சொல்லி எத்தனையோ வருஷம் சொன்னேன். 'புஞ்சாக்சாரிக்காரங்க அதைக் கேட்டுத்தான் எந்திரிக்கறாங்க'ன்னு மாத்தவேயில்ல."

 சுதேஜோ, "நிஜமாவே அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். ஒவ்வொரு ஊருக்கும் அந்த வண்டியின் ஒரு துண்டுதான் தெரியும் என்பது அவளுக்கே இன்றுதான் உறைத்தது. முழுவதையும் கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்டதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் வரிசையாக, ஒரு வளைவுகூடத் தப்பாமல் இருந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தது துமியெம்தான். அவள் கடைக்கு எதிரே ஊர்க்காவல் கொட்டகை. அதில் கெந்தோங்கான் தொங்குகிறது, உள்ளே குடைந்த தடிமனான மூங்கில். திருடன் வந்தாலும், யாராவது இறந்தாலும், மலை குமுறினாலும் அதைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. "வண்டி என் கடையைத் தாண்டினதும் நான் தட்டறேன். அதைக் கேட்டு கலிபெதுங்ல தட்டட்டும். அதைக் கேட்டு வாதுகெடே. சத்தம் வண்டிக்கு முன்னாடி ஓடும்."

எந்தத் தாளத்தில் தட்டுவது என்பதில் இன்னொரு அரை மணி போனது. ஒன்று ஒன்றாகத் தட்டினால் சாவு, விடாமல் தட்டினால் மலை. இரண்டு தட்டு, ஒரு மூச்சு, மூன்று தட்டு என்று முடிவானது.

அன்று வீட்டுக்கு வந்து கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பர்கியோ தேய்த்த கேனையே மறுபடி தேய்த்தான்.

"எனக்கு எந்தச் சத்தமும் ஞாபகம் இல்ல, ம்பாக்" என்றான் கடைசியில். "ஏழு வருஷம் பின்னாடிதான் நின்னேன். கேனுங்க இடிச்சுக்கறதுதான் கேட்கும்."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?"

"அதுக்கில்ல." அவன் கேனைக் கவிழ்த்து வைத்தான். "அவர் போறதுக்கு மூணு வாரம் முன்னாடி எனக்குப் போன் பண்ணினார். இஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, வந்து பாருன்னார். மாசக் கடைசியில வர்றேன்னேன். கிடங்குல வேலை அதிகம்னு. அந்த மாசக் கடைசி வர்றதுக்குள்ள..."  நாலு வருடம் டீ குடித்துவிட்டு வண்டியைச் சுற்றிவந்து திரும்பிப் போனவனின் முகம் அது.

முர்தியா கையைப் பாத்திக் சாரோங்கில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"உங்கிட்ட மட்டும்தான் சொன்னார்னு நெனச்சியா? வருஷத்துக்கு நாலு தரம் சொல்வார். சத்தம் ஒரு மாதிரி இருக்குன்னு வாகிமானைக் கூப்பிடுவார், பட்டறைக்காரனைக் கூப்பிடுவார். வந்தவனை உட்கார வெச்சு சீட்டு விளையாடுவார். இஞ்சின் மூடியைத் திறக்கக்கூட மாட்டார்."

பர்கியோ அவளையே பார்த்தான்.

"உன்னைப் பார்க்கணும்னு தோணியிருக்கும், பர். அதை வேற எப்படிச் சொல்றதுன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது."

"அப்ப இன்னும் மோசம்" என்றான் அவன். 

"ஆமா, மோசம்தான். என்ன பண்றது? வந்துட்டல்ல. அந்தக் கேனை எடு, இன்னும் அடியில வழுவழுங்குது."

இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் மறுபடி கிளம்பினார்கள். முதல் வளைவில் துமியெம் கொட்டகையில் தயாராக நின்றாள். டொக் டொக், டொக் டொக் டொக். வண்டி ஏற்றத்தில் மெல்ல வளைந்துகொண்டிருக்கும்போதே மேலே எங்கிருந்தோ, மரங்களுக்கு நடுவிலிருந்து, கலிபெதுங்கின் பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து அதற்கும் மேலே, மெலிதாக, இன்னொன்று. முர்தியா காலைத் தளர்த்தினாள். தான் போகப்போகும் வழியெல்லாம் தனக்கு முன்னே ஒலி ஏறிப்போவதைக் கேட்டபடி ஓட்டினாள். கலிபெதுங்கில் ஒரு சன்னல் திறந்தது. யாரோ, "வர்றாங்க, வர்றாங்க" என்று உள்ளே சொன்னார்கள்.

உச்சியில் கேன்கள் வரிசையாக நின்றன. கேன்களுக்குப் பக்கத்தில், எல்லோரும் ம்பா, தாத்தா, என்று கூப்பிடும் கார்தோவும் நின்றுகொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. தலையில் துணிமூட்டை, ஒரு கையில் ஆட்டுக்கயிறு, மறுகையில் பத்திரங்கள் வைத்த தகரப்பெட்டி.

"மலை பொங்குதுன்னு தட்டினாங்களே" என்றார். "ஏத்திக்க, முர்."

சுதேஜோ தலையில் அடித்துக்கொண்டார். "தாத்தா, அது பாலுக்கு. நேத்து முழுக்கச் சொன்னேனே."

"யாருக்கு?"

"பாலுக்கு."

ம்பா கார்தோ மலையை அண்ணாந்து பார்த்தார். அது வழக்கம்போல உச்சியில் ஒரு நூல் புகையோடு சும்மா இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். கிழவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "மூட்டை கட்டியாச்சு. கீழ பேத்தி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்று ஆட்டை சுதேஜோவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

அன்று கேன்கள் அத்தனையும் நிறைந்தன. பர்கியோ ஒவ்வொன்றையும் தூக்கி வைக்கும்போது, "இருபது வயசுல இதுல கனமே இல்ல" என்று முனகினான். முர்தியா, "அப்ப உனக்கு மூளையும் இல்ல" என்றாள். வாகிமான் தன் கேனை இரண்டு கையாலும் ஒப்படைத்துவிட்டு, வண்டியின் பக்கவாட்டை ஒரு மாட்டைத் தட்டுவதுபோல் தட்டினார்.

வாதுகெடேக்குக் கீழே ஒரு வளைவில், எதிரே புல்லுக்கட்டு ஏற்றிய லாரி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அது பின்வாங்கும்வரை முர்தியா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிறகு லாரிக்காரனும் இஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். மாலை வெயில் சாய்ந்து விழுந்தது. பின்னால் நிறைந்த பால் கேன்களில் லேசாகத் தளும்பி அடங்கியது.

கீழே, பள்ளத்துக்குள், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். இந்த வளைவில் எத்தனை ஆயிரம் முறை திரும்பியிருப்பாள்.

"பர், இங்க ஓடை இருக்கா?"

பின்னால் கேன்களோடு இருந்த அவனும் காது கொடுத்துக் கேட்டான். "தெரியலையே. இருக்கற மாதிரிதான் இருக்கு."

"என்ன சொல்றா?" என்றார் ம்பா கார்தோ, கேன்களுக்கு நடுவிலிருந்து.

"ஓடை" என்று பர்கியோ அவர் காதருகே கத்தினான். "கீழ ஓடை ஓடுது."

"ஓடத்தானே செய்யும். என் சின்ன வயசுல அங்கதான் மாடு கழுவுவோம்." கிழவர் தகரப்பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டார். "இந்தச் சாலையில வண்டிங்க வந்தப்புறம் கேக்கறதில்ல. இப்ப எனக்குக் காதே கேக்கறதில்ல. நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது, ம்பா" என்றாள் முர்தியா.

லாரிக்காரன் வழிவிட்டுக் கையாட்டினான். அவள் உடனே கிளம்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, பால் திரியும் என்று பர்கியோ நினைவூட்டியதும், காலை அழுத்தினாள்.